படிக்கவும் தொண்டு செய்யவும் திரும்பி வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஆண்டு எங்கள் துறையில் இருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவர் கத்தாரிலிருந்தும் மற்றவர் சிங்கப்பூரிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். ஷார்ஜாவில் ஒன்பது ஆண்டுகள் கணக்கராக இருந்துவிட்டுச் சென்னைக்கு வந்து சமூகப்பணி முதுகலையில் சேர்ந்தபோது நான் செய்த தவறுகளை, முதல் வாரத்திலேயே அவர்களும் செய்யத் தொடங்கியதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். விண்ணப்பத்தின் கடைசி நாள், கட்டண ரசீது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூலச் சான்றிதழை லேமினேட் செய்தல்

செய்யாதீர்கள், சான்றொப்ப முத்திரைகள் பெரும்பாலும் சான்றிதழின் பின்பக்கத்தில்தான் இடப்படும்.

இடப்பெயர்வுச் சான்றிதழைக் கடைசியில் நினைத்தல்

இளங்கலையை மதுரையில் முடித்துவிட்டுச் சென்னையில் சேர்பவரிடம் பழைய பல்கலைக்கழகத்தின் இடப்பெயர்வுச் சான்றிதழைக் கேட்பார்கள். அதற்கு ஊர் திரும்புவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். பட்டத்தையே வெளிநாட்டில் பெற்றவர்களுக்கு, அது இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்று காட்டும் இணைத்தன்மைச் சான்று வேண்டும். அதற்கெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2025-ல் தனி விதிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. ஆகவே, ஐந்து ஆண்டுகளுக்கு முன் திரும்பிய நண்பர் சொல்லும் வழியை அப்படியே பின்பற்றாமல், நடப்பு விதியைப் படித்துவிட்டு விண்ணப்பிப்பதே நல்லது.

படிவத்தைப் படிக்காமல் வாக்குக் கொடுத்தல்

மற்ற தவறுகளால் எனக்குத்தான் இழப்பு. இதில் இழந்தவர் வேறொருவர் என்பதால் இன்றும் மனம் ஆறவில்லை.

கல்லூரி உணவகத்தில் பழக்கமான, பார்வையற்ற மூன்றாம் ஆண்டு வரலாற்று மாணவர் ஒருவர், "அண்ணா, செமஸ்டருக்கு நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார். உடனே ஒப்புக்கொண்டேன். ஊருக்குத் திரும்பியதே இப்படி யாருக்காவது பயன்படத்தானே என்ற நிறைவு அன்று எனக்கு இருந்தது. அவர் கொடுத்த படிவத்தில் கையெழுத்திட்டேன். 'எழுதுபவரின் கல்வித் தகுதி' என்ற கட்டத்தைப் பிறகு நிரப்பலாம் என்று வெற்றாக விட்டேன். அந்தப் படிவம் பத்து நாட்கள் என் பையிலேயே கிடந்தது. தேர்வுக்கு முந்தைய மாலைதான் நிரப்பிக் கொடுத்தேன். அதுவரை நிபந்தனைகளைப் படிக்கவே இல்லை.

மத்திய சமூகநீதி அமைச்சகம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தேர்வர் தாமே அழைத்து வரும், அவர் சொல்லச் சொல்ல எழுதித் தருபவர், தேர்வரின் கல்வித் தகுதியைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. எழுதுபவரே விடையைச் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, காரணம் நியாயமானதே. நான் பி.காம். முடித்து முதுகலை படிப்பவன். அவர் எழுதியதோ இளங்கலைத் தேர்வு. தேர்வறை வாசலில் கண்காணிப்பாளர் படிவத்தைப் பார்த்ததும் என்னை நிறுத்திவிட்டார். முதலாண்டு வணிகவியல் மாணவர் ஒருவரைத் தேடி அழைத்து வருவதற்குள் முப்பத்தைந்து நிமிடங்கள் போய்விட்டன. வாதாபி, ஐஹொளே என்ற பெயர்களை அந்தப் பையன் அதற்கு முன் கேட்டதில்லை. இவர் எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவன் அடித்துத் திருத்தி எழுத, கடைசி பத்து மதிப்பெண் வினாவைத் தொடவே நேரமில்லாமல் போயிற்று. வெளியே வந்தவர், "பரவாயில்லண்ணா" என்று மட்டும் சொன்னார்.

கூடுதலாகப் படித்திருப்பது எங்கும் கூடுதல் தகுதிதான் என்ற எண்ணம், வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வரும் நமக்குச் சற்று அதிகமாகவே இருக்கிறது. சில இடங்களில் அது சரியே. 2021-ல் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், தொடக்க வகுப்புகளுக்குப் பிளஸ் டூவும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பட்டப்படிப்பும் தன்னார்வலருக்குக் குறைந்தபட்சத் தகுதியாகக் கேட்கப்பட்டன. அங்கே கேட்டது கீழ்வரம்பு, தேர்வறையிலோ மேல்வரம்பு. இந்த விதிகள் அவ்வப்போது மாறுவதால், ஒவ்வொரு பருவமும் தேர்வுப் பிரிவில் நேரில் கேட்டு, படிவத்தை ஒரு வாரம் முன்பே நிரப்பிக் கொடுத்து, ஒப்புதல் கையில் வந்த பிறகே வாக்குக் கொடுங்கள். கத்தாரிலிருந்து வந்த நண்பர் சென்ற வாரம் அதே உணவகத்தில் அதே போன்ற படிவத்தில் படிக்காமலேயே கையெழுத்திடப் போனபோது, நான் பேனாவைப் பிடித்து நிறுத்தியது அவருக்குக் கடுமையாகத் தோன்றியிருக்கலாம்.

பட்டதாரிகள் செய்யக்கூடிய வேலை இல்லாமல் இல்லை. பாடங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுக்கலாம்; எழுத வரும் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குப் பாடத்தின் பெயர்ச்சொற்களை முன்கூட்டியே எழுதிப் பழக்கலாம். அந்த மாணவரின் இறுதிப் பருவத்துக்கு நான் செய்தவை இவைதாம்.

எழுதும் கையைப் பழக்காமல் இருத்தல்

ஒன்பது ஆண்டுகள் விசைப்பலகையைத் தட்டிய கை, மூன்று மணி நேரத் தேர்வில் இரண்டாம் மணிக்கே மரத்துப்போகும். எனக்கு முதல் பருவத் தேர்வில் கட்டைவிரல் மடங்கவில்லை. பிறருக்காக எழுதப் போனால், மணிக்கு 20 நிமிடமாவது கூடுதலாக அளிக்கப்படுவதால், மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். சேர்ந்த நாள் முதல் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது காகிதத்தில் எழுதுங்கள்.

முதல் மாதத்திலேயே மூன்று அமைப்புகளில் சேர்தல்

ஒன்று போதும்.

உங்கள் தேர்வு அட்டவணையைப் பார்க்காமல் நாள் குறித்தல்

உங்கள் அட்டவணையையும் நீங்கள் உதவப்போகும் மாணவரின் அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேதி மோதினால் அன்றே சொல்லிவிடுங்கள். அவர் வேறு ஆளைத் தேட நாட்கள் இருக்கும்.