பழைய அம்பாசிடருக்குப் பாட்டும் பளபளப்பும்: வண்டியைக் கெடுக்கும் தவறுகள்

2014-இல் மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலை நின்றதோடு புது அம்பாசிடர் வருவதும் நின்றுவிட்டது. பிரீமியர் பத்மினியும், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அதற்கு முன்பே போய்விட்டன. இன்று மிஞ்சியிருக்கும் வண்டிகளின் கதவுத் தகடும் டேஷ்போர்டும் கெட்டால், அதே மாதிரி நல்ல மாற்று கிடைப்பது கஷ்டம். அப்படியிருந்தும், இவற்றை வாங்குபவர்கள் முதலில் கை வைப்பது பாட்டிலும் பெயின்டிலும்தான்.

இரண்டும் தனித்தனி வேலை என்று நினைத்து, தொடர்பே இல்லாத இரண்டு கடைகளில், தோன்றிய வரிசையில் கொடுப்பதிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. ஸ்பீக்கருக்குப் போடும் ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பிலும் வெறும் இரும்பு தெரியும். அங்கே பிடிக்கும் துரு பெயின்டுக்கு அடியில் ஊர்ந்து போய், ஒன்றிரண்டு மழைக்காலத்தில் கொப்புளமாக மேலே வரும். தகட்டு வேலை, வயர் இழுப்பது, அதற்குப் பிறகு பெயின்ட், கடைசியில் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் (ஆம்ப்) பொருத்துவது: இந்த வரிசை மாறக்கூடாது. பெயின்ட் வேலை உத்தேசத்தில் இல்லையென்றால், ஓட்டையே போடாமல் பாட்டு வைக்கும் வழியைத்தான் தேட வேண்டும்.

டைனமோவைக் கேட்காமல் ஆம்ப் வாங்குவது

ஓடும் இன்ஜினிலிருந்து மின்சாரம் எடுத்துக் கொடுக்க, பழைய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். பிரிட்டிஷ் வழி வந்த வண்டிகளில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோ, முழு வேகத்தில் கொடுப்பதே 22 ஆம்பியர். ராத்திரி ஓட்டும்போது என்ன செலவாகிறது என்று கூட்டிப் பாருங்கள். ஹாலஜன் ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 9 முதல் 10 ஆம்பியர். இக்னிஷன் 3 அல்லது 4. மழை என்றால் வைப்பருக்கு 3. பின்விளக்கு, மீட்டர் விளக்கு எல்லாம் சேர்ந்து 2. ஆக, பாட்டுக்கு மிஞ்சுவது 3 முதல் 5 ஆம்பியர்தான். சிக்னலில் நிற்கும்போது அதுவும் இல்லை. ஐட்லிங்கில் டைனமோ கொடுப்பது அநேகமாக ஒன்றுமில்லை. அப்போது பாடுவது முழுக்க பேட்டரியின் காசில்.

இதில் 1000 வாட் என்று அட்டைப்பெட்டியில் போட்ட ஆம்ப்ளிஃபயரையும் சப்வூஃபரையும் மாட்டினால், நாலு நாளில் காலையில் வண்டி தள்ளி ஸ்டார்ட் செய்யும் நிலை வரும். இந்த வண்டிக்குப் பொருத்தம் கிளாஸ் டி வகையில் சிறிய நாலு சேனல் ஆம்ப், சேனலுக்கு 40, 50 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்கக்கூடிய உண்மையான வாட்) போதும். கிளாஸ் ஏபி ஆம்ப் இழுக்கும் மின்சாரத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் ஒலியாக மாறும், மீதி சூடாகப் போகும். கிளாஸ் டி-யில் 80 சதவீதத்துக்கு மேல் ஒலிக்குப் போய்ச் சேரும். சாதாரண சத்தத்தில் பாடும்போது சராசரிச் செலவு சில ஆம்பியர்களில் அடங்கிவிடும்.

ஸ்டீரியோ முகப்பில் '4x50 வாட்' என்று எழுதியிருப்பதையும் நம்ப வேண்டாம். அதன் முதுகில் இருக்கும் பியூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் பியூஸ் என்றால், 13 வோல்ட்டில் மொத்தம் 130 வாட்டுக்கு மேல் அது தொடர்ந்து இழுக்கவே முடியாது. அதில் 200 வாட் எப்படி வெளியே வரும்?

ஆல்டர்னேட்டர் மாற்றுவது நல்ல தீர்வுதான். ஆனால் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரை அதே பழைய வயரில் சேர்ப்பது ஆபத்து. டைனமோவின் சார்ஜைச் சீராக வைக்கும் பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியை (ரெகுலேட்டர்) மின்சுற்றிலிருந்து விலக்க வேண்டும், சார்ஜிங் வயரைத் தடிமனாக மாற்ற வேண்டும். 30 ஆம்பியர் வரை காட்டும் அம்மீட்டர் உள்ள வண்டியில், 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் காலியான பேட்டரியை நிரப்பும்போது அந்த அம்மீட்டரே சூடாகிக் கருகும்.

எர்த் பார்க்காமல் வயர் கொடுப்பது

அறுபதுகளின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இன்றைய ஸ்டீரியோவின் வெளிப்பெட்டியோ மைனஸ். அதை இந்த வண்டியின் டேஷ்போர்டில் திருகினால் நேரடி ஷார்ட். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் தடிமனான பட்டை எந்த முனையிலிருந்து புறப்படுகிறது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். எர்த்தை இடையில் யாராவது மாற்றியிருக்கலாம் என்பதால், வண்டி எந்த வருஷம் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவது பெரிய வேலை இல்லை. பேட்டரி இணைப்பை மாற்றி, இக்னிஷன் காயிலின் இரண்டு சிறு வயர்களையும் அம்மீட்டர் வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். டைனமோவின் எஃப் (ஃபீல்டு) முனையில் இருக்கும் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு வயரால் அந்த முனையை ஒரு நொடி தொட்டு எடுக்க வேண்டும். சின்னப் பொறி வரும். டைனமோவுக்குள் மிஞ்சியிருக்கும் காந்தம் அப்போதுதான் திசை மாறும். இதைச் செய்யாமல் வண்டியை ஸ்டார்ட் செய்தால் டைனமோ தலைகீழாகச் சார்ஜ் கொடுத்து, கட்டுப்பாட்டுப் பெட்டியின் கான்டாக்ட் ஒட்டிப்போகும்.

ஸ்பீக்கரிலும் இதே போல ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய ரேடியோக்களில் ஸ்பீக்கரின் ஒரு வயரைப் பாடியில் எர்த் செய்திருப்பார்கள். இன்றைய ஸ்டீரியோவில் ஸ்பீக்கரின் மைனஸ் வயர் எர்த் அல்ல. பாடியில் பட்டால் உள்ளே இருக்கும் ஐசி போய்விடும். எனவே பழைய ஸ்பீக்கர் வயரை அப்படியே பயன்படுத்தாமல், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு புது வயர் இழுத்துவிடுங்கள்.

ஆம்புக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டும். லூகாஸ் பியூஸ் பெட்டியில் மொத்தமே இரண்டு பியூஸ், அதுவும் 35 ஆம்பியர். அதில் வேலை பார்க்கும் வயர்களோ அரை நூற்றாண்டு பழையவை. பியூஸ் போவதற்கு முன்னால் வயரின் மேலுறை உருகிவிடும். 10 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டு, பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் 30 ஆம்பியர் பியூஸ் வையுங்கள். 1.5 சதுர மி.மீ. வயரில் 20 ஆம்பியரை 4 மீட்டர் கொண்டுபோனால், வழியிலேயே ஏறக்குறைய ஒரு வோல்ட் காணாமல் போகும். கடையில் வயர் வாங்கும்போது ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம், வேண்டாம். தீச்சுவர் (இன்ஜினுக்கும் வண்டியின் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் தகடு) வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்பாதீர்கள். பானட் சூட்டில் அதன் பசை கரைந்து டேப் அவிழ்ந்துவிடும், வயர் முனையில் லக் அடித்து, சூட்டில் இறுகும் ஹீட் ஷ்ரிங்க் உறை போடுங்கள்.

எர்த் வயருக்குத் தகட்டைச் சுரண்டி வெள்ளி போல மின்னும் வரை எடுத்து, போல்ட் முறுக்கிய பிறகு அந்த இடத்தில் பெட்ரோலியம் ஜெல்லி தடவ வேண்டும். ஹெரால்டில் பாடி தனிச் சேஸிஸ் மேல் உட்காருவது. பாகங்களும் போல்ட் போட்டுச் சேர்த்தவை. அதில் பாடி எர்த்தை நம்பாமல் மைனஸ் வயரையும் பேட்டரி வரை இழுப்பதுதான் நல்லது.

கதவை வெட்டுவது

இதுதான் திருத்தவே முடியாத தவறு. கதவு அட்டையோடு உள்தகட்டையும் 6 அங்குலத்துக்கு வெட்டிவிடுகிறார்கள். கண்ணாடி முழுக்க இறங்கும்போது ஸ்பீக்கரின் காந்தத்தில் இடித்து நிற்கும். மழைத் தண்ணீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கி அடி ஓட்டை வழியாக வெளியே போவதுதான் இயல்பான பாதை. பாதுகாப்பு இல்லாத ஸ்பீக்கர் அந்தத் தண்ணீரில் நனைந்து அட்டை ஊறிப்போகும்.

அதற்குப் பதில், முன்சீட்டில் உட்காருபவரின் கால் பக்கவாட்டில், டேஷ்போர்டுக்குக் கீழே, தனிப் பெட்டி செய்து வையுங்கள். 12 மி.மீ. மரைன் பிளைவுட் சரியாக இருக்கும். எம்டிஎஃப் (மரநார் அட்டை) வேண்டாம். முன் கண்ணாடி ரப்பர் கசிந்து தரைவிரிப்பு ஈரமாகாத பழைய வண்டி அபூர்வம், எம்டிஎஃப் அந்த ஈரத்தில் உப்பிவிடும். 4 அங்குல ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 2, 3 லிட்டர் கொள்ளளவு போதும். டேஷ்போர்டையும் 182 x 53 மி.மீ. ஸ்டீரியோவுக்காக வெட்ட வேண்டியதில்லை. புளூடூத் உள்ள சிறிய ஆம்பைச் சீட்டுக்கு அடியில் வைத்தால், பழைய ரேடியோ முகப்பு அப்படியே இருக்கும். ஆன்டெனாவுக்காக ஃபெண்டரில் ஓட்டை போடுவதும் வேண்டாம். கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டும் வகை இந்த வண்டிகளில் நன்றாகவே எடுக்கும்.

ஏதோ ஒரு காரணத்தால் ஓட்டை போட்டே ஆக வேண்டும் என்றால், துகளைக் கவனியுங்கள். டிரில் போடும்போது தெறிக்கும் இரும்புப் பொடி சுற்றியுள்ள பெயின்ட் மேல் உட்காரும், கண்ணுக்குத் தெரியாது. ராத்திரிப் பனியில் நனைந்து மறுநாள் காலையில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளாகத் தெரியும். துணியால் துடைத்தால் அந்தப் பொடியே கீறும். மிச்சமிருப்பதை ஸ்பீக்கரின் காந்தம் இழுத்துக்கொண்டு, கோனின் நடுவில் உரசி 'கரகர' என்று சத்தம் போடும். வேலைக்கு முன் சுற்றிலும் அரை மீட்டருக்கு மாஸ்கிங் டேப்பும் பாலிதீனும் ஒட்டுங்கள். முடிந்ததும் வாக்குவம் போட்டு, துணி சுற்றிய காந்தத்தைத் தடவி எடுங்கள். ஓட்டையின் விளிம்பை அரத்தால் மழுக்கி, எப்பாக்சி பிரைமர் இரண்டு கோட் கொடுங்கள். ரெட் ஆக்சைடு மட்டும் போட்டால் ஈரம் ஊடுருவும்.

சத்தம் குறைக்க ஒட்டும் ஷீட்டிலும் கவனம் தேவை. தார் ஷீட் சித்திரை வெயிலில் உருகி வழியும், பியூட்டைல் ஷீட் வாங்குங்கள். தகட்டின் பரப்பில் கால் பங்கு ஒட்டினாலே அதிர்வு அடங்கிவிடும். கதவடியின் தண்ணீர் ஓட்டைகளை மூடிவிடாதீர்கள், அடைந்திருந்தால் சைக்கிள் ஸ்போக்கால் குத்தி விடுங்கள்.

இரைச்சல்

ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்பக் கூடும் 'ஙீ...' சத்தத்துக்கு, டைனமோவின் டி முனையில் (மின்சாரம் வெளியே வரும் முனை) இரைச்சலை அடக்கும் 1 மைக்ரோஃபாரட் சப்ரஸர் கன்டென்சர் போட வேண்டும். எஃப் முனையில் போட்டால் ரெகுலேட்டரின் கான்டாக்ட் கருகும். 'டக் டக்' என்று வந்தால் அது பிளக். 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் கேப் மாற்றி, காயிலில் இக்னிஷன் சுவிட்ச் வயர் வரும் முனையில் இன்னொரு கன்டென்சர் போடுங்கள். சிக்னல் கேபிளையும் பவர் வயரையும் வண்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் கொண்டுபோனால் பாதித் தொல்லை வராது.

எந்தப் பெயின்ட் என்று தெரியாமல் பாலிஷ் போடுவது

கிளியர் கோட் என்ற நிறமில்லாத மேல் பூச்சு பிற்காலத்தில் வந்தது. பழைய பெயின்டில் நிறமே மேல் அடுக்கு. பானட்டுக்கு உள்பக்கம் போன்ற மறைவான இடத்தில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் எடுத்துத் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் சிங்கிள் ஸ்டேஜ், அதாவது கிளியர் கோட் இல்லாதது. அடுத்து பஞ்சில் தின்னர் தொட்டு அதே மறைவிடத்தில் வையுங்கள். பெயின்ட் கரைந்து பஞ்சில் ஒட்டினால் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்), சுருங்கினால் எனாமல், ஒன்றும் ஆகாவிட்டால் பியூ (பாலியூரிதேன்). எனாமல் மேல் என்சி டச்-அப் அடித்தால் அடிப் பெயின்ட் பொங்கி எழும் என்பதால், பெயின்டரிடம் போகும் முன்பே இது தெரிந்திருக்க வேண்டும்.

மங்கிய சிங்கிள் ஸ்டேஜ் பெயின்டைக் கண்டதும் கம்பளி பேடும் ரப்பிங் காம்பவுண்டும் போட்டு மெஷின் ஓட்டுவதுதான் வழக்கம். பளபளப்பு வரும், ஆனால் அது பெயின்டைச் செதுக்கி வந்த பளபளப்பு. இரண்டு மூன்று தடவையில் பானட்டின் மடிப்பு, ஃபெண்டர் விளிம்பு எல்லாம் பிரைமர் தெரியும். முதலில் பெயின்ட் மீட்டரால் பல இடங்களில் அளந்து பாருங்கள். 300 மைக்ரானுக்கு மேல் காட்டும் இடத்தில் பட்டியோ பல தடவை அடித்த பெயின்டோ இருக்கிறது என்று பொருள். 80-க்குக் கீழ் என்றால் கை வைக்காமல் விடுவதே நல்லது. நடுவில் இருந்தால், தேய்க்கும் பொருள் கலக்காத எண்ணெய் பாலிஷைக் கையால் தடவி, ஒரு நாள் ஊறவிட்டுத் துடைத்த பிறகு, மென்மையான ஃபோம் பேடில் டிஏ மெஷினை (சுழன்றபடியே அசையும் பாலிஷ் மெஷின்) நிதானமான வேகத்தில் ஓட்டுங்கள். விளிம்புகளுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். என்சி பெயின்ட் சூட்டில் இளகும், ஒரே இடத்தில் மெஷினை நிறுத்தினால் இழுபடும்.

புதிதாக அடித்த பெயின்ட் மேல் உடனே செராமிக் கோட்டிங் போடுவது இன்னொரு அவசரம். உள்ளிருக்கும் தின்னர் வெளியேற வேண்டும். அடுப்பில் சுடாமல் காற்றில் காயவிட்ட பெயின்டுக்கு இரண்டு மாதமாவது கொடுங்கள். பழைய என்சி பெயின்டுக்கு செராமிக்கை விட நல்ல கர்னாபா வாக்ஸ்தான் ஏற்றது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். பெயின்டைக் காக்க ஒட்டும் பிபிஎஃப் ஃபிலிமைப் பழைய பெயின்டிலோ பட்டி பார்த்த இடத்திலோ ஒட்டவே ஒட்டாதீர்கள். உரிக்கும் நாளில் பெயின்டும் கூடவே வரும்.

டீசலோ மண்ணெண்ணெயோ தொட்டுத் துடைத்தால் வண்டி மின்னும் என்பது நம் ஊர் டிரைவர்களின் பழைய வழக்கம். அந்த எண்ணெய்ப் படலம் தூசியைப் பிடித்துவைத்து அடுத்த துடைப்பில் உப்புத்தாளாக உரசும், கண்ணாடி ரப்பரையும் உப்பவைக்கும். பனியன் வேஸ்ட்டும் ஆகாது, அதில் இருக்கும் தையல் மடிப்பு கீறிவிடும். துணி சோப்புத் தூளுக்குப் பதில் கார் ஷாம்பு, இரண்டு வாளி (ஒன்று ஷாம்புக்கு, ஒன்று துணி அலச), மைக்ரோஃபைபர் துணி. போர் தண்ணீரில் கழுவினால் நிழலில் கழுவி உடனே துடையுங்கள். வெயிலில் காய்ந்த உப்புத் திட்டு பெயின்டில் பள்ளமாகவே பதிந்துவிடும்.

கவர் போடும்போதும் இதே கவனம் வேண்டும். தார்பாய் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும், கடற்கரை ஊர்களில் அதுவே கொப்புளத்துக்குப் போதும். மூச்சு விடும் துணிக் கவரை, கழுவி உலர்ந்த வண்டி மேல் மட்டும் போடுங்கள். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் வயர் எங்கே சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மூடுங்கள். அது சுவிட்ச் வழியாக இல்லாமல் நேரடி 12 வோல்ட்டில் இருந்தால், கவருக்கு அடியிலேயே பேட்டரி செத்துப்போயிருக்கும்.