வீட்டுக் கொடி மிளகைக் காய வைக்கும் முறை

குமுளி, வண்டிப்பெரியார், நெடுங்கண்டம் பக்கம் வீட்டைச் சுற்றி நாலைந்து மரத்தில் கொடி ஏற்றியிருப்பவர்களுக்கு மிளகு பெரும்பாலும் பறித்த பிறகுதான் கெடுகிறது. பச்சை மிளகில் ஈரம் 65 முதல் 70 சதவீதம். அதை 11-க்குக் கொண்டுவர வேண்டும். 12-ஐத் தாண்டினால் மூட்டைக்குள் பூசணம் பிடிக்கும்.

சரத்தில் ஒன்றிரண்டு மணி மஞ்சளோ சிவப்போ ஆனதும் பறித்துவிடலாம். இளசாகப் பறித்தால் காய்ந்தபின் உள்ளீடில்லாத பொக்குதான் மிஞ்சும். சரங்களைச் சாக்கில் கட்டி ஒரு ராத்திரி வைத்தால் மறுநாள் மணி எளிதாக உதிரும். அதற்கு மேல் வைத்தால் புழுங்கி வாடை வரும்.

அடுத்தது வெந்நீர் முக்கு. பலர் இதை வீண் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். மலை வெயிலை நம்பிக் காய வைப்பவர்களுக்கு இதுதான் பெரிய உதவி. அண்டாவில் தண்ணீர் நன்றாகக் கொதிக்கட்டும். மிளகை ஓட்டைக் கூடையிலோ துணியில் தளர்வாகக் கட்டியோ ஒரே ஒரு நிமிடம் முக்கி எடுத்து, நீரை வடித்து, உடனே வெயிலில் பரப்புங்கள். தோலில் ஒட்டிய தூசியும் கிருமியும் போகும், நிறம் ஒரே சீராகக் கறுக்கும், மூன்று நான்கு நாளில் காய்ந்துவிடும். மிளகைக் கறுக்க வைப்பது தோலில் உள்ள நொதி. கொதிநீரில் அதிக நேரம் கிடந்தால் அந்த நொதி செத்து, மிளகு கறுக்காமல் பழுப்பாகவே நின்றுவிடும். கூடையைத் திணித்து நிரப்பினால் நடுவில் உள்ள மணிக்குச் சூடு சேராது.

சிமெண்ட் களம், மூங்கில் பாய், சுத்தமான தார்ப்பாய் எதுவானாலும் சரி. சாணம் மெழுகிய தரையும் ரோட்டோரமும் ஆகாது. ஒரு விரல் கனத்துக்கு மேல் பரப்பாமல், மணிக்கொரு தரம் கிளறிவிடுங்கள். சாயங்காலம் மஞ்சு இறங்கும் முன்பே அள்ளி உள்ளே கொண்டுபோக வேண்டும். பகலெல்லாம் காய்ந்தது ராத்திரிப் பனியில் ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். திடீர் மழை வந்தால் அரைகுறையாகக் காய்ந்த மிளகைச் சாக்கில் கட்டாமல், வீட்டுக்குள் பரப்பி ஃபேனைப் போடுங்கள். அடுப்புப் பரண் வேண்டாம், புகை வாடை ஏறினால் கடைக்காரர் விலையைக் குறைப்பார். டிரையர் கிடைத்தால் சூடு 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வாசனை எண்ணெய் பறந்துவிடும்.

காய்ந்ததா என்று பார்க்கத் தராசே போதும். முதல் நாளே, முக்குவதற்கு முன், ஒரு கிலோ பச்சையை எடைபோட்டு, அதையும் முக்கித் தனித் தட்டில் காய வையுங்கள். ஏறக்குறைய 350 கிராமுக்கு வந்தால் சரி. ரகத்தையும் மணி முற்றிய அளவையும் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் ஆகும் என்பதால், பல்லில் வைத்தும் பாருங்கள்: 'டக்'கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் தேவை.

முறத்தில் புடைத்துப் பொக்கையும் காம்பையும் நீக்கி, சூடு முழுக்க ஆறிய பிறகே கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துவிடும். உள்ளே பாலித்தீன் போட்ட சாக்காக இருக்கட்டும். தரையிலோ சுவரிலோ படாமல் பலகை மேல் வையுங்கள்.