பொத்தானின் கிளிக் கையாளியை மாற்றுவது எப்படி?

வலைப்பக்கத்தின் ஒரு பொத்தானில் ஏற்கெனவே இருக்கும் கிளிக் கையாளியை, அதாவது பொத்தானை அழுத்தும்போது இயங்கும் ஃபங்ஷனை, மாற்றுவதற்கு முன், அது எந்த வழியில் இணைக்கப்பட்டது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குரோம் உலாவியில் நிரலாளர்களுக்காக உள்ள டெவ்டூல்ஸில் அந்த உறுப்பைத் தேர்ந்தெடுத்து 'ஈவென்ட் லிசனர்ஸ்' பகுதியைத் திறந்தால், கையாளி எந்தக் கோப்பின் எந்த வரியில் உள்ளது என்பது தெரிந்துவிடும்.

எச்டிஎம்எல்லிலேயே 'ஆன்கிளிக்' என எழுதப்பட்டிருந்தாலும், ஜாவாஸ்கிரிப்டில் அதே பெயருள்ள பண்பில் இடப்பட்டிருந்தாலும் வேலை எளிது. அதில் ஒரே ஒரு ஃபங்ஷனுக்குத்தான் இடமுண்டு. புதியதை இட்டவுடன் பழையது போய்விடும்.

'ஆட்ஈவென்ட்லிசனர்' வழியாக இணைத்தவை அப்படியல்ல. அது பழையதை அப்படியே விட்டுவிட்டுப் புதியதையும் வரிசையில் சேர்ப்பதால், 'சேமி' பொத்தானை ஒருமுறை அழுத்தினாலே தரவு இருமுறை சேமிக்கப்படக்கூடும். எனவே முதலில் 'ரிமூவ்ஈவென்ட்லிசனர்' கொண்டு பழையதை நீக்க வேண்டும். பலர் இடறும் இடம் இதுதான்: இணைத்தபோது கொடுத்த அதே ஃபங்ஷனையே நீக்கும்போதும் கொடுக்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும், இரண்டு இடங்களில் தனித்தனியாக எழுதிய பெயரற்ற ஃபங்ஷன்கள் உலாவிக்கு வேறு வேறுதான். ஃபங்ஷனின் 'திஸ்' மதிப்பை முன்கூட்டியே பிணைக்கும் 'பைண்ட்' ஒவ்வொரு முறையும் புதிய ஃபங்ஷனைத் தருவதால், அது தந்ததை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு அதையே இரு இடங்களிலும் பயன்படுத்த வேண்டும். 'கேப்சர்' மதிப்பும், அதாவது கிளிக் வெளி உறுப்புகளிலிருந்து உள்ளே இறங்கும்போதே கையாளி இயங்க வேண்டுமா என்பதும், ஒத்துப்போக வேண்டும். இவற்றில் எது பொருந்தாவிட்டாலும் பிழைச்செய்தி எதுவும் வராது. பழைய கையாளி தன் பாட்டுக்கு இயங்கிக்கொண்டிருக்கும்.

நிரல் நம்முடையது என்றால், 'அபார்ட்கன்ட்ரோலர்' என்ற ரத்துசெய்யும் கருவி தரும் 'சிக்னலை' இணைக்கும்போதே சேர்த்துக் கொடுத்துவிடலாம். பிறகு 'அபார்ட்' என்று ஒருமுறை அழைத்தால், அந்தச் சிக்னலோடு இணைத்த கையாளிகள் அனைத்தும் நீங்கிவிடும். கையாளி அடிக்கடி மாறும் பக்கங்களில், நிலையான ஒரு கையாளியை மட்டும் இணைத்து, அது ஒரு மாறியில் அப்போதுள்ள ஃபங்ஷனை அழைக்குமாறு எழுதுவதே மேல் என்பது என் கருத்து. மாறியின் மதிப்பை மாற்றினால் போதும்; நீக்கிச் சேர்க்கும் தொல்லை இல்லை.

பிறர் எழுதிய, கைவைக்க முடியாத நிரலாக இருந்தால், 'க்ளோன்நோட்' மூலம் பொத்தானை நகலெடுத்து 'ரிப்ளேஸ்வித்' கொண்டு பழையதன் இடத்தில் வைப்பது ஒரு வழி. 'ஆட்ஈவென்ட்லிசனர்' சேர்த்தவை நகலில் வருவதில்லை. எச்டிஎம்எல்லில் எழுதிய 'ஆன்கிளிக்' மட்டும் கூடவே வந்துவிடும். பழைய பொத்தானைச் சுட்டும் மாறிகள் இன்னமும் அதையே சுட்டும் என்பதால், அவற்றையும் புதுப்பிக்க வேண்டும். நகலெடுக்க விருப்பமில்லையெனில், பொத்தானைச் சூழ்ந்த உறுப்பில் 'கேப்சர்' நிலையில் ஒரு கையாளியை இணைத்து, கிளிக் அந்தப் பொத்தானுக்குரியதா என்று சோதித்து, 'ஸ்டாப்ப்ராபகேஷன்' மூலம் பழைய கையாளியை எட்டாமல் தடுத்துவிடலாம். படிவம் தானாகச் சமர்ப்பிக்கப்படுவதையும் நிறுத்த வேண்டுமானால் 'ப்ரிவென்ட்டிஃபால்ட்'டையும் சேர்த்தே அழைக்க வேண்டும்.