ஒறம்பரை போகிற மாதிரி போங்க: வெளிநாட்டு ஊழியப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தில், கிறிஸ்தவ ஊழியத்துக்காகப் போன எங்கள் குழுவில் முன்னால் நின்றவரிடம் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார் குடிவரவு அதிகாரி. "டூருங்க" என்றார் அவர். அடுத்து நின்ற அண்ணன் பொய் சொல்லத் தெரியாதவர். "ஊழியத்துக்குங்க சார்" என்றார். மூன்றாவதாக நின்றது நான். எதைச் சொன்னாலும் எனக்கு முன்னால் போன ஒருவர் மாட்டிக்கொள்வார்.

ஒன்பது பேரையும் ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். எங்களை அழைத்திருந்த சபையின் போதகர் போனில் பேசி, திரும்பும் டிக்கெட்டையெல்லாம் காட்டி, வெளியே வர இரண்டு மணி நேரம் ஆனது. உட்கார்ந்திருந்தபோது குழுவில் ஒருவர், "இது சத்துரு கொண்டுவந்த தடை" என்று சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தார். ஜெபிக்கட்டும், தப்பில்லை. ஆனால் சத்துருவுக்கு அதில் பெரிய பங்கில்லை. சுற்றுலாவுக்கென்று இணையத்தில் வாங்கிய இ.டி.ஏ. என்ற பயண அனுமதியில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று ஒன்பது பேரில் ஒருவர்கூடப் படித்துப் பார்க்கவில்லை.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துச் சபைகளிலிருந்து பத்து நாள், பதினைந்து நாள் ஊழியப் பயணமாக வெளிநாடு போய்வருவது இப்போது சாதாரணமாகிவிட்டது. மிஷனரிகள் வந்திறங்கிய ஊர்கள்தான் இவை. லண்டன் மிஷன் சார்பில் அட்டிஸ் ஐயர் கோயம்புத்தூருக்கு வந்தது 1830இல். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரப் துரை பெயரில் ஈரோட்டில் ஆலயமே இருக்கிறது. அவர்கள் வந்து, தமிழ் படித்து, நம் வெயிலில் வருடக்கணக்கில் கிடந்தார்கள். நாம் பத்து நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்புகிறோம். நம் பக்கத்தில் ஒறம்பரை போவதற்கு, அதாவது உறவுக்காரர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போவதற்கு, ஒரு முறை உண்டு. போகும் முன் சொல்லிவிட்டுப் போவோம், அந்த வீட்டு நேரத்துக்குச் சாப்பிடுவோம், அவர்கள் அடுப்படிக்குள் புகுந்து யோசனை சொல்லமாட்டோம். கடல் தாண்டினதும் இதெல்லாம் எப்படியோ மறந்துபோகிறது. நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி அங்கிருந்து வந்தவைதான்.

முதலில் விசா விஷயம். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று இதை விடவே கூடாது. மலேசியாவுக்கு இந்தியர்கள் 2023 டிசம்பர் முதல் விசா இல்லாமல் 30 நாள் வரை போய்வரலாம். வருகை அட்டையை மட்டும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிட வேண்டும். ஆனால் அந்தச் சலுகை உறவினரைப் பார்க்க, ஊர் சுற்ற. மேடையேறிப் பிரசங்கம் செய்ய அழைக்கும் சபை முன்கூட்டியே அதற்கான தனி அனுமதி வாங்கித் தர வேண்டும். அங்கே முஸ்லிம்களிடம் வேறு மதத்தைப் பரப்புவதைச் சட்டத்தால் தடுக்க அரசியலமைப்பின் 11(4) பிரிவே இடம் கொடுத்திருக்கிறது. கோலாலம்பூரில் டாக்சி ஓட்டுநரிடம் சுவிசேஷக் கைப்பிரதி நீட்டுவது வைராக்கியம் என்று நமக்குத் தோன்றலாம். நாம் விமானம் ஏறிய பிறகு போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அங்குள்ள ஆயர். கோவையிலிருந்து நேராக விமானம் இருப்பதால் சிங்கப்பூருக்குப் போவது பக்கத்து ஊருக்குப் போவது போல ஆகிவிட்டது. அங்கும் மதம் சார்ந்து பேச வரும் வெளிநாட்டவருக்குத் தனி வேலை அனுமதி உண்டு.

நேபாளத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். விசா தேவையில்லை, கோரக்பூர் வரை ரயில், அப்புறம் சுனௌலி எல்லை என்று சுலபமாகத் தெரிவதால் வாலிபர் குழுக்கள் அதிகம் போவது அங்கேதான். முதல் தவறு, ஆதார் அட்டையோடு கிளம்புவது. 15க்கும் 65க்கும் இடைப்பட்ட வயதினருக்கு ஆதார் செல்லாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். இரண்டாவது தவறுதான் ஆபத்தானது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 158ஆம் பிரிவு மதமாற்றத்தையும் அதற்கான முயற்சியையும் குற்றம் என்கிறது. ஐந்து ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம், வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்து ஏழு நாளுக்குள் நாடுகடத்தல். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, ஒரு வீட்டுக் கூட்டத்தில் கண்ணை மூடி ஜெபிக்கிற பெண்களின் முகத்தை அப்படியே வீடியோ எடுத்து, ஊர் பெயரோடு சபை வாட்ஸ்அப் குழுவில் போட்ட தம்பியை எனக்குத் தெரியும். நல்ல பையன். ஊருக்குத் திரும்பிய பிறகும் அது யார் யார் கைக்குப் போனது என்று தெரியாமல் பல நாள் தூங்கவில்லை. போட்டோ எடுக்கலாமா, எதை வெளியே சொல்லலாம் என்பதை அங்குள்ளவர்கள் முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றால் போனைப் பைக்குள் வைத்துவிட வேண்டியதுதான்.

யார் யார் போவது என்பதில் நடக்கும் தவறை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. டிக்கெட்டுக்குப் பணம் கட்டுபவரெல்லாம் குழுவில் இடம் பெறுகிறார். போன இடத்துக்கு ஒரு நர்சோ, சண்டே ஸ்கூல் நடத்தத் தெரிந்த டீச்சரோ தேவைப்படும். நாமோ ஐந்து பிரசங்கியார்களையும் ஒரு கீபோர்டு தம்பியையும் அழைத்துப் போவோம். பாஸ்போர்ட் திரும்பும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதை முதல் கூட்டத்திலேயே பாருங்கள். பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் ஈ.சி.ஆர். முத்திரை (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) இருக்கும். வேலைக்குப் போனால்தான் அந்த அனுமதி தேவை என்றாலும், மலேசியா, வளைகுடா என்றால் நம் விமான நிலையத்திலேயே துருவித் துருவிக் கேட்பார்கள். திரும்பும் டிக்கெட், தங்கும் விலாசம், அழைப்புக் கடிதம் மூன்றும் அவரவர் கையில் காகிதமாக இருக்கட்டும். எல்லாம் குழுத் தலைவர் போனில் இருந்து, அந்த போனில் சார்ஜ் தீர்ந்தால் கதை முடிந்தது.

சரி, மூட்டை முடிச்சுக்கு வருவோம். கொங்குநாட்டுக் குழு என்றால் இது தனிப் புராணம்.

வெளிநாட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று வீட்டுப் பெண்கள் பருப்புப் பொடி, குழம்புப் பொடி, குருமா மசாலா எல்லாம் அரைத்துக் கட்டிக் கொடுப்பார்கள். குருமா மசாலாவில் கசகசா இருக்கும். துபாய், ஷார்ஜா எங்கே இறங்கினாலும் கசகசா போதைப்பொருள் கணக்கில் வரும். சிங்கப்பூரிலும் அதே கெடுபிடிதான். ஒரு ஸ்பூன் கசகசாவுக்காக எந்த ஊழியமும் கெட்டுப்போக வேண்டாம். மாத்திரைகளும் அப்படித்தான். சில வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் வளைகுடாவில் கட்டுப்படுத்தப்பட்டவை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடுபவர்கள் அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் கொட்டிக் கலந்து எடுத்துப் போனால் எது என்ன என்று விளக்க ஆள் கிடைக்காது. அப்புறம் காங்கேயம்காரர் ஒருவர் அன்பு மிகுதியில் அரைமூட்டை கொப்பரை கொண்டுவந்தார். கொப்பரை தானாகவே சூடாகித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்பதால் பயணப் பையில் விடமாட்டார்கள். செக்கு, கொப்பரைக் களம் என்று வளர்ந்த மனிதருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியும். விமானத்தோடு அதைச் சேர்த்து யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

பனியன் கதை இதைவிடப் பெரியது. திருப்பூர்க்காரர்களுக்கு அன்பளிப்பு என்றாலே பனியன்தான். ஏற்றுமதியில் கழிந்த செகண்ட்ஸ் டி-ஷர்ட் 180 உருப்படி, ஆளுக்கு இருபதாகப் பிரித்து ஒன்பது பெட்டியில் அடைத்தோம். ஒரே மாதிரி புதுத்துணி இருபது இருந்தால் சுங்க அதிகாரி வியாபாரச் சரக்கு என்றுதான் நினைப்பார். எங்களிடமும் அதைத்தான் கேட்டார்கள். விளக்கம் சொல்லி மீண்டோம் என்று வையுங்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் அதைக் கொடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. அட்டனும் நுவரெலியாவும் குளிர்ப் பிரதேசம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட நம் குன்னூர் மாதிரி. விடிகாலையில் கொழுந்து பறிக்கக் கிளம்புகிறவர்களுக்கு நாங்கள் கொடுத்தது மெல்லிய அரைக்கை பனியன், அதுவும் ஐரோப்பிய அளவில், முட்டி வரை தொங்கும். வாங்கிக்கொண்டு சிரித்தபடி நன்றி சொன்னார்கள். என்ன வேண்டும் என்று போவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

கென்யா, உகாண்டா போன்ற நாடுகளுக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னை கிண்டி கிங் நிறுவனத்தில் போடுகிறார்கள். தடுப்பூசிச் சான்றான மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் நம் நாட்டிலேயே ஆறு நாள் வரை தனியாக அடைத்து வைப்பார்கள்.

இனி மேடைப் பேச்சு. மலையகத்தில் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்பதே நம்மைக் கெடுக்கிறது. நம் மொழி, நம் சாயல், சேலம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து போன குடும்பங்களின் வாரிசுகள், எனவே எல்லாம் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். எங்கள் குழுவில் ஒருவர் கூட்டம் முடிந்து ஒரு தோட்டத் தொழிலாளியிடம் மிகுந்த பாசத்தோடு கேட்டார், "எப்பங்க நம்மூருக்குத் திரும்பி வரப் போறீங்க?" அந்த மனிதர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதுதாங்க நம்ம ஊரு" என்றார்.

அந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1948இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று தலைகளைப் பங்கு போட்டார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்கள் நமக்குப் பக்கத்திலேயே நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர் பக்கம் இருக்கிறார்கள். தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்கள் உருவானதே அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். அங்கே ஒரு வீட்டில் அண்ணன் கூடலூரில், தம்பி அட்டனில் என்று பிரிந்த கதை சாதாரணம். "எப்ப திரும்புவீங்க" என்பது அவர்கள் காதில் வேறு மாதிரி விழும். வேண்டுமானால் போவதற்கு முன் ஒரு சனிக்கிழமை கூடலூர் போய், தாயகம் திரும்பியவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். எந்தப் பயிற்சி வகுப்பும் அதற்கு ஈடாகாது.

இன்னொன்று, அங்கே சுவிசேஷமே இப்போதுதான் நாம் கொண்டுபோகிறோம் என்ற தோரணை. தோட்டத் தொழிலாளருக்கென்று தமிழ் கூலி மிஷன் தொடங்கியது 1854இல். நம்மில் பலருடைய சபைகளைவிட அவர்கள் சபைகளுக்கு வயது அதிகம். அங்கே போய் "எங்க ஊர்ல இப்படிப் பண்ணுவோம்" என்று வாயைத் திறந்தாலே பாதிப்பேர் கதவைச் சாத்திவிடுவார்கள், மரியாதையாகத்தான்.

ஒரு நாளைக்கு மூன்று கூட்டம் வைத்து எண்ணிக்கை காட்டும் பழக்கத்தையும் விடலாம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்த ஊர்ப் பெண்கள் முப்பது பேருக்குச் சமைக்கிறார்கள், நாள்சம்பளத்தை விட்டுவிட்டு.

பணம். குழுத் தலைவரே எல்லோருடைய டாலரையும் இடுப்பில் கட்டிக்கொண்டு போவது வேண்டாம். நோட்டாக ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் எடுத்துப் போகலாம், மீதி கார்டில் இருக்கட்டும். திரும்பும்போது வேறு சிக்கல். மலேசியாவிலோ வளைகுடாவிலோ சபையார் பாசத்தோடு உறையில் காணிக்கை தருவார்கள், "உங்க ஆலயக் கட்டடத்துக்கு" என்று. நம் சபைக்கோ டிரஸ்டுக்கோ வெளிநாட்டவர் தருவது, வெளிநாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்துக்குள் வரும். பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக்கூடாது. பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். "சும்மா பையில வெச்சுட்டு வந்துட்டேனுங்" என்ற பேச்சு தணிக்கையில் எடுபடாது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. உணர்ச்சிவசப்பட்டு மேடையிலேயே "உங்கள் ஆலயத்துக்குக் கூரை போட்டுத் தருகிறோம்" என்று அறிவித்துவிட்டு வருவது. ஊருக்கு வந்து கமிட்டியில் கேட்டால் பணம் இருக்காது. அவர்கள் மட்டும் ஒவ்வொரு மழைக்கும் அந்த வாக்கை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இவ்வளவு சொல்கிறேனே, போகவே கூடாதா என்று கேட்டால், நான் அடுத்த பயணத்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். காரணம் ஒரு பாட்டி. அட்டன் பக்கம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒற்றை அறை வீட்டில் இருப்பவர். முதல் பயணத்தில் அவருக்கும் ஒரு பனியன் கொடுத்தோம். வாங்கி மடித்து வைத்துவிட்டு, "பெரிய எழுத்து பைபிள் ஏதும் இருக்கா தம்பி? கண்ணு தெரியல" என்றார். 180 பனியன் இருந்தது, பெரிய எழுத்து வேதாகமம் ஒன்றுகூட இல்லை.

இரண்டாம் முறை நான்கு பேர்தான் போனோம். அழைத்த சபை மூலம் முறையாக அனுமதி வாங்கி, அவர்கள் எழுதி அனுப்பிய பட்டியலோடு. அந்தப் பட்டியலில் மூன்று பெரிய எழுத்து வேதாகமம் இருந்தது. பாட்டி வாங்கியதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு 121ஆம் சங்கீதத்தை எடுத்தார். எங்களில் ஒருவர் வாசித்துக் காட்டட்டுமா என்று கை நீட்டினார். "இருங்க" என்று விரலை வைத்து அவரே சத்தமாகக் கடைசி வசனம் வரை வாசித்தார். நாங்கள் வாசலிலேயே நின்றோம். முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, "ஏன் நிக்கிறீங்க, உள்ள வந்து உக்காருங்க, பிளேன்டீ ஊத்துறேன்" என்றார்.