கால்பந்து உலகக் கோப்பை முதல் ஆட்டத்துக்கு முன்னோட்டம் எழுதுவது எப்படி? நான் சறுக்கிய இடங்களோடு

2018இல் ரஷ்யா - சவூதி அரேபியா தொடக்க ஆட்டத்துக்கு நான் எழுதிய முன்னோட்டத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "சவூதிக்கு ஒரு புள்ளியாவது நிச்சயம்" என்று தலைப்பு, அதாவது குறைந்தது சமனாவது செய்யும் என்று. ரஷ்யா 5-0 என்று ஜெயித்தது. வாட்ஸ்அப் குழுவில் அந்தத் தலைப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு ஒரு மாதம் என்னை ஓட்டினார்கள்.

இப்போது 2026 ஜூன் 11 மெக்சிகோ - தென்னாப்பிரிக்கா ஆட்டத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல்முறை எழுதப்போகிற சிலர் எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டதால், நான் செய்கிற வரிசையிலேயே எழுதிவிடுகிறேன். குரூப் சுற்று எப்படி நடக்கும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: நேரத்தை முதலில் முடித்துவிடுங்கள்

சின்ன வேலை, ஆனால் தப்பு நடப்பது இங்கேதான். ஆட்டம் மெக்சிகோ சிட்டியில் பகல் 1 மணிக்கு. நமக்கு அது ஜூன் 12 அதிகாலை 12.30. "ஜூன் 11 இரவு 12.30" என்று எழுதினால் பாதிப் பேர் ஒருநாள் முன்னதாகவே கண்விழித்து உட்கார்ந்திருப்பார்கள். "வியாழன் இரவு தூங்காதீர்கள், வெள்ளி பிறந்து அரை மணியில் ஆட்டம்" என்று எழுதுங்கள், குழப்பமே வராது.

இன்னொரு பொறி: மெக்சிகோ 2022 அக்டோபரில் கோடைக்கால நேர மாற்றத்தைக் கைவிட்டுவிட்டது. பழைய நேரப் பட்டியலைப் பார்த்துக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம் பிசகும். உலக நேரத்தோடு ஆறு மணி நேரம் பின்னால் என்று வைத்துக் கையால் கூட்டிப் பாருங்கள்.

படி 2: பழைய முதல் ஆட்டங்கள் - ஒரு பத்தி போதும்

"முதல் ஆட்டத்தில் அதிர்ச்சி சகஜம்" என்று எல்லோரும் எழுதுவார்கள். 1982இல் பெல்ஜியம், 1990இல் கேமரூன் இரண்டும் அர்ஜென்டினாவை வீழ்த்தின, 2002இல் செனகல் பிரான்சை வீழ்த்தியது. உண்மைதான். ஆனால் 1974 முதல் 2002 வரை தொடக்க ஆட்டத்தில் இறங்கியது நடப்புச் சாம்பியன். 2006இலிருந்துதான் போட்டியை நடத்தும் நாடு இறங்குகிறது. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டக் கூடாது. நடத்தும் நாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் கதையே வேறு: 2022இல் கத்தார் ஈக்வடாரிடம் 0-2 என்று தோற்கும்வரை, உலகக் கோப்பையை நடத்திய எந்த நாடும் தன் முதல் ஆட்டத்தில் தோற்றதில்லை.

மெக்சிகோவுக்கென்று தனியாக ஒரு வரலாறு உண்டு. 1930இல் பிரான்சிடம் 1-4, 1950இல் பிரேசிலிடம் 0-4, 1958இல் ஸ்வீடனிடம் 0-3, 1970இல் சோவியத் யூனியனோடு 0-0, 2010இல் இதே தென்னாப்பிரிக்காவோடு 1-1. தொடக்க ஆட்டத்தில் ஜெயித்ததே இல்லை. இந்த ஒரு வரியே உங்கள் முன்னோட்டத்துக்கு நல்ல ஆரம்பம்.

படி 3: தரவரிசையை எப்படிப் படிப்பது

நான் விழுந்த குழி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

2018இல் என் கையில் இருந்த எண்கள்: ஃபிஃபா தரவரிசையில் ரஷ்யா 70, சவூதி 67. ரஷ்யா கடைசி ஏழு ஆட்டங்களில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. இதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தானே எழுதத் தோன்றும்?

போட்டியை நடத்தும் நாட்டுக்குத் தகுதிச் சுற்று கிடையாது. இரண்டு வருடமாகப் பெரும்பாலும் நட்பாட்டங்கள்தான். அன்றைய கணக்கில் நட்பாட்டத்தின் மதிப்பை 1ஆல் பெருக்குவார்கள், தகுதிச் சுற்று ஆட்டத்தை 2.5ஆல். அதாவது ரஷ்யா என்ன ஆடினாலும் பாதிக்கும் குறைவாகத்தான் ஏறும். தகுதிச் சுற்று ஆடி வந்த சவூதிக்கு அந்தத் தொல்லை இல்லை. 2018 உலகக் கோப்பை முடிந்த கையோடு கணக்கு முறையை மாற்றினார்கள், ஆனால் இந்த ஏற்றத்தாழ்வு இப்போதும் இருக்கிறது: ஃபிஃபா ஒதுக்கிய நாட்களில் நடக்கும் நட்பாட்டத்தின் மதிப்பு 10, தகுதிச் சுற்று ஆட்டத்துக்கு 25.

அப்புறம் அந்த ஏழு ஆட்டங்கள். எதிரணிகளின் பெயரைப் பார்க்காமல் விட்டேன். அர்ஜென்டினா, பிரேசில், பிரான்ஸ் மூன்றிடமும் தோல்வி, ஸ்பெயினோடு 3-3. இந்த வரிசையை எதிர்கொண்டு எத்தனை அணி ஜெயித்திருக்கும்? இப்போதெல்லாம் "கடைசி ஆட்டங்கள்" என்று எழுதும்போது முடிவுக்கு முன்னால் எதிரணியின் பெயரைத்தான் எழுதுகிறேன். எக்செல் எல்லாம் வேண்டாம், ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போதும்: யாரோடு, எங்கே, எத்தனை முதன்மை வீரர்கள் ஆடினார்கள்.

மெக்சிகோ விஷயத்தில் ஒரு வசதி. அவர்களுக்கும் தகுதிச் சுற்று இல்லை, ஆனால் 2025 ஜூலையில் கோல்டு கப் (வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளின் போட்டி) இறுதியில் அமெரிக்காவை 2-1 என்று ஜெயித்தார்கள். நிஜமான போட்டி, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவோ ஆடத் தடை இருந்த மொகோயேனா என்ற வீரரை லெசோத்தோவுக்கு எதிரான தகுதிச் சுற்று ஆட்டத்தில் இறக்கியதற்காக மூன்று புள்ளிகளை இழந்தது, அதையும் மீறி நைஜீரியா இருந்த குரூப்பில் முதலிடம் பிடித்து வந்தது. புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்தால் இந்த மூன்று புள்ளி கண்ணில் படாது.

படி 4: மைதானம்

ஆட்டம் நடக்கும் அஸ்டெகா மைதானம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட நம் ஊட்டி. "உயரத்தில் மூச்சு வாங்கும், வெளியூர் அணி திணறும்" என்று எழுதக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். தென்னாப்பிரிக்க அணியில் நிறையப் பேர் சன்டவுன்ஸ் வீரர்கள், அந்த கிளப் இருக்கும் பிரிட்டோரியாவே 1,300 மீட்டருக்கு மேல். ஜோகன்னஸ்பர்க் 1,700ஐத் தாண்டும். திணறவே மாட்டார்கள் என்று சொல்லவில்லை, கடற்கரையிலிருந்து வரும் அணி அளவுக்கு இருக்காது.

படி 5: ஒரு ஆட்டத்தையாவது முழுதாகப் பாருங்கள்

ஹைலைட்ஸ் வேண்டாம். அதில் கோல் மட்டும்தான் இருக்கும். புள்ளிவிவரச் செயலிகளும் எனக்குப் பிடிப்பதில்லை, பந்து யார் காலில் எத்தனை சதவீதம் என்பதை வைத்து எதையும் எழுத முடிந்ததில்லை. ஒலியைக் குறைத்துவிட்டு, முதல் 25 நிமிடம் ஒரே அணியின் தற்காப்பு வரிசையை மட்டும் பார்ப்பேன்.

2010 ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாதி முழுக்க மெக்சிகோவின் ஆட்டம். 55ஆம் நிமிடம் இடப்பக்கம் ஓடிய தென்னாப்பிரிக்காவின் சபலாலாவுக்கு நீளமாக ஒரு பாஸ், இடக்காலால் எதிர் மேல்மூலையில் அடித்தார். உலகம் ஞாபகம் வைத்திருப்பது அதைத்தான். 79ஆம் நிமிடம் மெக்சிகோ சமன் செய்ததை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: இடப்பக்கத்திலிருந்து பந்து வருகிறது, எதிரணியை ஆஃப்சைடில் சிக்கவைக்கத் தென்னாப்பிரிக்க வரிசை சேர்ந்தாற்போல் முன்னேறுகிறது, ஒருவர் மட்டும் பின்தங்கிவிடுகிறார், அதனால் ஆஃப்சைடு இல்லை. தூரத்துக் கம்பத்தருகே மெக்சிகோவின் மார்க்கெஸ் தனியாக நிற்கிறார். அன்றைக்கு மெக்சிகோ பயிற்சியாளர் ஹாவியர் அகிர்ரே. இன்றைக்கும் அவரே.

படி 6: காயச் செய்தியைக் கடைசியில் எழுதுங்கள்

அந்தப் பத்திக்கு இடம் மட்டும் விட்டுவைத்து ஆட்டத்துக்கு முந்தைய நாள் நிரப்புங்கள். 2002இல் பிரான்சின் முதல் ஆட்டத்துக்கு ஐந்தே நாள் முன்னால் ஒரு நட்பாட்டத்தில் ஸிடானுக்குத் தொடையில் காயம். அதற்கு முந்தைய வாரமே எழுதி முடித்தவர்கள் கதி என்ன? மாற்று வீரர்களுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். 2018இல் 24ஆம் நிமிடம் ரஷ்யாவின் ஸகோயெவ் காயத்தோடு வெளியேற, உள்ளே வந்த செரிஷெவ் இரண்டு கோல் அடித்தார். என் முன்னோட்டத்தில் அவர் பெயரே இல்லை.

படி 7: ஸ்கோர் சொல்வதா?

சொல்லலாம், தலைப்பில் மட்டும் வேண்டாம். என் குறிப்பில் இப்போதைக்கு மெக்சிகோ 1-0 என்று இருக்கிறது, பென்சிலில். தென்னாப்பிரிக்க கோல்கீப்பர் ரான்வென் வில்லியம்ஸ் நல்ல ஃபார்மில் வந்தால் அதையும் அழிப்பேன்.

பின்சேர்க்கை 1: சிங்கப்பூரிலிருந்து ஒருவர் தங்களுக்கு எத்தனை மணி என்று கேட்டிருந்தார். ஜூன் 12 அதிகாலை 3. மலேசியாவுக்கும் அதேதான். இலங்கைக்கு நம் நேரமே. லண்டனில் ஜூன் 11 இரவு 8, டொரண்டோவில் அதே நாள் பிற்பகல் 3.

பின்சேர்க்கை 2: "ஃபிஃபா பட்டியலில் அஸ்டெகா என்ற பெயரையே காணோமே" என்று இருவர் கேட்டார்கள். விளம்பரதாரர் பெயர் கூடாது என்பதால் ஃபிஃபா அதை மெக்சிகோ சிட்டி ஸ்டேடியம் என்று போடுகிறது. 2025இல் மைதானத்துக்கு ஒரு வங்கியின் பெயர் வேறு வைத்துவிட்டார்கள். நான் அஸ்டெகா என்றேதான் எழுதப்போகிறேன். ஒன்று கவனியுங்கள்: 1970, 1986, 2026 மூன்று தொடக்க ஆட்டமும் இங்கேதான், ஆனால் 1986இல் ஆடியது இத்தாலியும் பல்கேரியாவும். "மெக்சிகோ இங்கே மூன்றாவது முறை தொடங்குகிறது" என்று எழுதிவிடாதீர்கள்.

பின்சேர்க்கை 3: 2010 ஆட்டத்தில் மெக்சிகோவின் வேலா அடித்த கோலை ஏன் மறுத்தார்கள் என்று கேட்டவருக்கு. ஆஃப்சைடு. தென்னாப்பிரிக்க கோல்கீப்பர் கூனே முன்னால் வந்துவிட்டதால் கோல் கோட்டுக்கும் வேலாவுக்கும் நடுவே ஒரே ஒரு தற்காப்பு வீரர்தான் மிஞ்சினார், ஆஃப்சைடு ஆகாமல் இருக்க கோல்கீப்பரையும் சேர்த்து எதிரணியினர் இரண்டு பேர் வேண்டும். 2022இல் மூன்றாம் நிமிடம் ஈக்வடாரின் கோல் போனதும் கத்தார் கோல்கீப்பர் பந்துக்காக வெளியே வந்த அதே மாதிரிக் குழப்பத்தில்தான். ஆட்டத்தன்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் "பின்னால் ஆள் நிற்கிறானே!" என்று கத்துவார், உங்கள் முன்னோட்டத்தில் இதற்கு ஒரு பெட்டிச் செய்தி ஒதுக்கி வையுங்கள்.