டர்பனிலிருந்து சென்னைக்கு: எகானமி வகுப்பில் உங்களுக்கு ஏற்ற சீட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினாலே தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று எங்கே போனாலும் டிக்கெட் பேச்சுதான். மதுரை, பழநி, திருச்செந்தூர் என்று கோயில் பட்டியல் தயாராக இருக்கும். பெட்டியில் எத்தனை கிலோ போடலாம் என்பது வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். சீட்டை மட்டும் “எது கிடைக்குதோ அதுல உட்கார்ந்துக்கலாம்” என்று விட்டுவிடுகிறோம். டர்பனிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாகப் போனால் துபாய் வரைக்கும் ஏறக்குறைய எட்டரை மணி நேரம், அங்கிருந்து சென்னைக்கு இன்னொரு நான்கு மணி நேரம். இவ்வளவு நேரம் உட்காரப்போகிற இடத்தைப் பத்து நிமிடம் யோசித்து எடுத்தால், இறங்கும்போது உடம்பு நன்றி சொல்லும்.

முதன்முறையாக விமானம் ஏறுகிறவர்களுக்காகவும், வீட்டுப் பெரியவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். டர்பன்–துபாய்–சென்னை பயணத்தையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

படி 1: சீட் வரைபடத்தைத் திறக்கும் முன் உடம்பைக் கேளுங்கள்

“நல்ல சீட் எது?” என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. யாருக்கு நல்லது என்பதுதான் கேள்வி. அடிக்கடி கழிப்பறைக்குப் போக வேண்டியவரா? முட்டி வலி உண்டா, எந்தக் காலில்? தூங்கும்போது எந்தப் பக்கம் சாய்வீர்கள்? பக்கத்தில் இருப்பவரை எழுப்பி வழி கேட்கக் கூச்சப்படுவீர்களா?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நம் வீட்டு அம்மாக்களும் பாட்டிகளும் ஜன்னல் ஓரத்தில் மாட்டிக்கொண்டால், தூங்கும் அந்நியரை எழுப்பக் கூச்சப்பட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு எப்போதும் நடைபாதை ஓரச் சீட்தான். ஜன்னல் வழியாக மேகம் பார்க்கும் ஆசையைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுங்கள்.

படி 2: எந்த விமானம் என்று பாருங்கள்

டிக்கெட் போடும் திரையிலேயே விமானத்தின் வகை சின்ன எழுத்தில் இருக்கும். டர்பன்–துபாய் தடத்தில் எமிரேட்ஸ் நிறுவனம் வழக்கமாகப் பயன்படுத்துவது போயிங் 777. இந்த விமானம் 1995-இல் சேவைக்கு வந்தபோது பெரும்பாலான நிறுவனங்கள் எகானமியில் வரிசைக்கு 9 இருக்கைகள்தான் போட்டன. இப்போது 10 என்பதே வழக்கமாகிவிட்டது. விமானத்தின் அகலம் மாறவில்லை, சீட் மட்டும் ஒடுங்கிவிட்டது. 10 பேர் வரிசையில் சீட் அகலம் சுமார் 17 அங்குலம், அதாவது 43 செ.மீ.

ஏர்பஸ் ஏ350-இல் வழக்கமான வரிசை 3-3-3, அதாவது மூன்று சீட், நடைபாதை, மூன்று சீட், நடைபாதை, மூன்று சீட். அதில் சீட் ஏறக்குறைய 18 அங்குலம் வரும். ஏ380-இல் 10 பேர் உட்கார்ந்தாலும் விமானமே அகலம் என்பதால் அங்கும் சுமார் 18 அங்குலம் கிடைக்கும். ஏ330 என்றால் 2-4-2. கணவன் மனைவி இருவர் மட்டும் போவதற்கு அதைவிடத் தோதான அமைப்பு இல்லை. ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். தோள் அகலமானவர்கள் மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்போதுதான் அந்த ஓர் அங்குலத்தின் அருமை தெரியும்.

முன்வரிசைக்கும் உங்கள் வரிசைக்கும் உள்ள தூரம் நீண்ட தூர விமானங்களில் பெரும்பாலும் 31, 32 அங்குலம். இதில் நிறுவனங்களுக்கிடையே பெரிய வித்தியாசம் வராது. அதனால் அகலத்தையே முதலில் ஒப்பிடுங்கள்.

படி 3: சீட் எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதை ஒரு தடவை புரிந்துகொண்டால் போதும், எந்த வரைபடமும் பயமுறுத்தாது. 777-இல் இடமிருந்து வலமாக இப்படி வரும்: ஏ, பி, சி, பிறகு நடைபாதை. டி, இ, எஃப், ஜி, மறுபடி நடைபாதை. எச், ஜே, கே. எச்சுக்கு அடுத்து வர வேண்டிய ஐ எழுத்தை விட்டுவிடுவார்கள், 1 என்ற எண்ணோடு குழம்பும் என்பதால்.

ஏ-யும் கே-யும் ஜன்னல். சி, டி, ஜி, எச் நான்கும் நடைபாதை ஓரம். பி, இ, எஃப், ஜே நடுவில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்.

நடைபாதை ஓரம் நான்கும் ஒன்றுதானே என்றால், இல்லை. சி-யில் உட்கார்ந்தால், ஏ-யில் இருப்பவர் எழுந்தாலும் நீங்கள் எழுந்திருக்க வேண்டும், பி-யில் இருப்பவர் எழுந்தாலும் எழுந்திருக்க வேண்டும். டி-யில் அப்படி இல்லை. இ-யில் இருப்பவர் மட்டும்தான் உங்களைத் தாண்டிப் போவார், எஃப்-இல் இருப்பவர் ஜி பக்கமாக இறங்கிவிடுவார். அதாவது நடுத்தொகுதியின் ஓரமான டி, ஜி இரண்டிலும் தொந்தரவு பாதியாகக் குறைகிறது. இரவுப் பயணத்தில் இது பெரிய விஷயம். நடைபாதை ஓரம் வேண்டும், தூக்கமும் வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது டி அல்லது ஜி.

அப்புறம், முட்டி வலிக் கணக்கு. சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் இருக்கும் அத்தை ஒருவருக்கு வலது முட்டியில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. மருத்துவர் பயணத்துக்குச் சரி சொன்ன பிறகு, போன் திரையைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். “தம்பி, எனக்கு ஜன்னலெல்லாம் வேண்டாம்பா. இந்தக் காலை மடக்கியே வைக்க முடியாது, அப்பப்போ நீட்டணும்” என்றார். அப்படியானால் நடைபாதை அவருடைய வலது பக்கம் இருக்க வேண்டும். முன்னோக்கி உட்காரும்போது வலப்பக்கம் நடைபாதை வருவது சி-க்கும் ஜி-க்கும் மட்டும்தான். இரண்டில் தொந்தரவு குறைவானது ஜி. அதையே எடுத்தோம். இடது முட்டியில் வலி என்றால் டி அல்லது எச். ஒரே ஒரு எச்சரிக்கை: உணவு வண்டி வரும்போது காலை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த வண்டி கனமானது, முட்டியில் இடித்தால் வலி உயிர் போகும்.

ஜன்னல் ஓரத்திலும் இதே மாதிரி யோசிக்கலாம். இடது பக்கம் தலை சாய்த்துத் தூங்குகிறவருக்கு ஏ, வலது பக்கம் என்றால் கே.

படி 4: ஆசை காட்டும் வரிசைகள்

அவசர வழிக் கதவுக்குப் பக்கத்து வரிசையில் காலை முழுதாக நீட்டலாம். ஆனால் ஆபத்து நேரத்தில் பணியாளர்களுக்கு உதவக்கூடியவர்களுக்கு மட்டும்தான் அந்த இடத்தைத் தருவார்கள். சிறுவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள், சக்கர நாற்காலி கேட்டவர்கள் அங்கே உட்கார முடியாது. ஆகவே தாத்தா பாட்டிக்குக் கால் நீட்ட வசதியாக இருக்குமே என்று காசு கட்டி எடுத்துவிடாதீர்கள், கடைசி நேரத்தில் மாற்றி உட்கார வைத்துவிடுவார்கள். கதவுப் பக்கம் குளிரும் அதிகம். ஜன்னல் ஓரம் என்றால் கதவின் அடிப்பகுதி புடைத்துக்கொண்டு வந்து ஒரு காலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

தடுப்புச் சுவருக்கு முன்னால் இருக்கும் முதல் வரிசையில் யாரும் உங்கள் முகத்துக்கு நேரே சீட்டைச் சாய்க்க மாட்டார்கள். அது உண்மையான வசதி. பதிலுக்குச் சில இழப்புகள் உண்டு. சாப்பாட்டு மேசையைக் கைப்பிடிக்குள் மடக்கி வைத்திருப்பதால் கைப்பிடி அசையாது, சீட் கொஞ்சம் ஒடுங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் கைப்பையைக் காலடியில் வைக்க விடமாட்டார்கள், மருந்தும் கண்ணாடியும் உள்ள பை மேலே போய்விடும். குழந்தைத் தொட்டில் மாட்டுவதும் அந்தச் சுவரில்தான். கைக்குழந்தையோடு போகிறவர்கள் டிக்கெட் போட்ட அன்றே நிறுவனத்தை அழைத்துத் தொட்டில் கேட்டுவிடுங்கள், அவை எண்ணிக்கையில் குறைவு. குழந்தை இல்லாதவர்கள், தூக்கம் லேசானது என்றால், அங்கிருந்து சில வரிசைகள் தள்ளிப் போங்கள்.

கடைசி வரிசை வேண்டாம். பல விமானங்களில் அது முழுதாகச் சாயாது. பின்னால் கழிப்பறை வரிசை, சமையல் பகுதியின் வெளிச்சம், பாத்திரச் சத்தம். விமானம் குலுங்கும்போது பின்பகுதியில்தான் அதிகம் தெரியும். குலுக்கல் பயமுள்ளவர்கள் இறக்கைக்கு நேராக உள்ள வரிசைகளை எடுங்கள், ஆட்டம் அங்கே குறைவு. அவசர வழிக்குச் சற்று முன்னால் இருக்கும் வரிசையும் சில விமானங்களில் சாயாது.

பின்பகுதியில் ஒரு நல்லதும் உண்டு. விமானத்தின் உடல் ஒடுங்கும் இடத்தில், சில 777-களில் ஜன்னல் பக்கம் மூன்றுக்குப் பதிலாக இரண்டு சீட் மட்டும் வரும் வரிசைகள் இருக்கும். தம்பதிகளுக்கு அருமையான இடம். நிறுவனத்தின் வரைபடத்தில் அந்த ஒடுக்கம் தெளிவாகத் தெரியாது. ஏரோலோபா என்ற இணையதளத்தில் ஒவ்வொரு விமானத்தின் உட்புறத்தையும் அளவு மாறாமல் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஜன்னல் சீட் என்று பெயர் இருந்தும் ஜன்னலே இல்லாத இடங்கள்கூட அதில் தெரிந்துவிடும்.

படி 5: எப்போது எடுப்பது, காசு கட்டலாமா

மலிவான டிக்கெட்டில் முன்கூட்டியே சீட் எடுக்கத் தனிக் காசு கேட்பார்கள். ஆன்லைன் செக்-இன், அதாவது பயணத்தை இணையத்தில் உறுதிசெய்யும் வசதி, திறந்ததும் மீதமுள்ள சாதாரண சீட்டுகளில் இலவசமாக எடுக்கலாம். எமிரேட்ஸில் அது புறப்பாட்டுக்கு 48 மணி நேரத்துக்கு முன் திறக்கிறது. போனில் அலாரம் வைத்து, திறந்தவுடனே உள்ளே போங்கள்.

என் கருத்து இது: முட்டி வலி, கழிப்பறைத் தேவை, சேர்ந்தே உட்கார வேண்டிய சின்னக் குழந்தை என்று காரணம் இருந்தால் டர்பன்–துபாய் பகுதிக்குக் காசு கட்டுங்கள். துபாய்–சென்னை நான்கு மணி நேரம்தான், அதற்குக் கட்ட வேண்டாம். ஏஜென்ட் மூலம் டிக்கெட் எடுத்தவர்கள் முன்பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, நிறுவனத்தின் செயலியில் நீங்களே பாருங்கள். துபாயில் அடுத்த விமானத்துக்கு நேரம் குறைவு என்றால், வசதி கொஞ்சம் குறைந்தாலும் முன்பக்க வரிசையை எடுங்கள். பின்னால் இருந்தால் இறங்குவதற்கே நிறைய நேரம் போய்விடும்.

எடுத்தாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். நிறுவனம் விமானத்தை மாற்றினால் உங்கள் சீட்டும் மாறலாம். ஒரு வாரம் முன்பும், முந்தின நாளும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

படி 6: குடும்பமாகப் போகும்போது

இருவர் என்றால் ஏ-யும் சி-யும் எடுத்து நடுவில் பி-யை விட்டுவைப்பது பழைய உத்தி. தனியாக வருகிறவர் நடு சீட்டைக் கடைசியாகத்தான் எடுப்பார் என்பதால் அது காலியாகவே இருக்க வாய்ப்பு உண்டு. யாராவது வந்துவிட்டால் ஜன்னலையோ ஓரத்தையோ அவருக்குக் கொடுத்துச் சேர்ந்து உட்காருங்கள், மறுக்க மாட்டார். டிசம்பர் கூட்டத்தில் இதை நம்பாதீர்கள், விமானம் நிறைந்துதான் போகும்.

நான்கு பேர் என்றால் டி முதல் ஜி வரை. இரண்டு ஓரமும் உங்கள் கையில். தாத்தா பாட்டியை ஓரங்களில் உட்கார வைத்துப் பிள்ளைகளை நடுவில் போடுங்கள். கழிப்பறைக்கு நான்கைந்து வரிசை தள்ளி இருந்தால் நடையும் அதிகமில்லை, வரிசையில் நிற்பவர்கள் தலைமேல் நிற்கவும் மாட்டார்கள். சக்கர நாற்காலி உதவிக்குக் கட்டணம் இல்லை, ஆனால் முன்னதாகவே பதிந்துவைக்க வேண்டும்.

சாப்பாட்டையும் அதே நேரத்தில் குறித்துவிடுங்கள். சிறப்பு உணவு கேட்டவர்களுக்கு முதலில் பரிமாறுவார்கள். நீங்கள் எந்த வரிசையில் இருந்தாலும் சைவச் சாப்பாடு தீர்ந்துபோகும் கவலை இல்லை. பட்டியலில் ‘இந்து உணவு’ என்று இருந்தால் அது சைவம் என்று நினைத்துவிடாதீர்கள், அதில் கோழி, ஆடு, மீன் வரலாம். விரதத்தில் இருப்பவர்கள் ‘ஆசிய சைவ உணவு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

படி 7: உட்கார்ந்த பிறகு

நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் கால் இரத்த நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை சொல்கிறது. பயப்பட வேண்டாம், அப்போதும் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு வருவதுதான். அசையாமல் உட்கார்ந்திருப்பதே முக்கியக் காரணம். ஜன்னல் ஓரம் எடுத்தவர்கள் பக்கத்தில் இருப்பவர் எழும்போதெல்லாம் தாங்களும் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். கணுக்காலை அவ்வப்போது சுழற்றுங்கள். அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், முன்பு இரத்தம் உறைந்தவர்கள் டிக்கெட் போடும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள்.

ஓரச் சீட்டின் நடைபாதைப் பக்கக் கைப்பிடி மேலே தூக்க வராது என்று பலர் நினைக்கிறார்கள். பல விமானங்களில் அந்தக் கைப்பிடியின் அடியில், பின்பக்க மூட்டருகே, ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். விரலால் தடவினால் தட்டுப்படும். அதை அழுத்திக்கொண்டே தூக்கினால் கைப்பிடி எழும். முட்டி மடக்க முடியாதவர்கள் உட்காரவும் எழுந்திருக்கவும் இது பெரிய உதவி.

படி 8: திரும்பி வரும் பயணத்துக்குத் தனியாக யோசியுங்கள்

போகும்போது எடுத்த அதே சீட்டைத் திரும்பும்போதும் எடுக்காதீர்கள். டர்பனிலிருந்து மாலையில் கிளம்பினால் சீக்கிரமே இருட்டிவிடும். ஜன்னலில் பார்க்க ஒன்றும் இருக்காது, தூக்கத்தை மட்டும் மனதில் வைத்துச் சீட் எடுத்தால் போதும். துபாயிலிருந்து காலையில் கிளம்பும் விமானம் பகல் முழுவதும் தெற்கு நோக்கிப் பறக்கும். காலை வெயில் இடது பக்கம், அதாவது ஏ பக்கம் அடிக்கும். மதியத்துக்குப் பிறகு வலது பக்கம், கே பக்கம் திரும்பிவிடும். பயணத்தின் பெரும்பகுதி மதியத்துக்குப் பிறகுதான் என்பதால், கண்ணில் வெயில் படாமல் ஆப்பிரிக்காவை மேலிருந்து பார்த்துக்கொண்டு வர ஏ பக்கம் எடுங்கள். முட்டி வலிக்காரர்களுக்கு மட்டும் இதிலும் மாற்றம் கிடையாது, அதே ஜி அல்லது டி.