கார்டுக்குத் தூங்கத் தெரியும், டிரைவருக்குத் தெரியுமா?

நெட்வொர்க் கார்டின் பெட்டியில் மின்சிக்கன ஈதர்நெட் என்று போட்டிருந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். முதல் தவறு அதுதான். 802.3ஏஇசட் என்ற அந்தத் தரம் 2010இல் வந்தது. கேபிளில் எதுவும் போகாத இடைவெளியில் சிப் கண்ணயரும். கிகாபிட் இணைப்பில் சுமார் 17 மைக்ரோவினாடியில் விழித்துக்கொள்ளும். ஆனால் பெரும்பாலான கார்டுகளில் இதை இயக்கிவிட வேண்டியது டிரைவர்தான், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள். லினக்ஸில் நெட்வொர்க் கார்டின் அமைப்புகளைக் காட்டும் ஈத்டூல் கட்டளையிடம் கேட்டுப் பாருங்கள்: 'ஆதரவு இல்லை' என்று பதில் வந்தால், பெரும்பாலும் அந்த வசதியைக் கையாளும் பகுதி டிரைவரில் இல்லை என்று பொருள். டிரைவர் சரியாக இருந்து, மறுமுனை ஸ்விட்ச்சுக்கு இது தெரியாவிட்டாலும் பயனில்லை.

இதைவிடப் பெரிய இழப்பு, கார்டைக் கணினியோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பக்கம் நடக்கிறது. நானே ஏமாந்த இடம் இது. நாள் முழுக்க ஓடும் ஒரு சின்ன சர்வர். சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டிய 'திறன்' வரியில் ஏஎஸ்பிஎம் (சும்மா இருக்கும் இணைப்பை உறங்கவைக்கும் வசதி), எல்1 (அதில் ஓர் உறக்க நிலை) என்று இருந்ததைப் பார்த்துத் திருப்தியாகிவிட்டேன். சில வரிகள் கீழே 'கட்டுப்பாடு' வரியில் 'முடக்கப்பட்டது' என்று இருந்தது. மேல் வரி கார்டால் என்ன முடியும் என்று சொல்கிறது, கீழ் வரி இப்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறது. பார்க்க வேண்டியது கீழ் வரியை.

கார்டு எடுத்துக்கொள்ளும் மின்சாரம் கொஞ்சம்தானே என்று விட்டுவிடவும் கூடாது. ஒரே ஒரு இணைப்பு விழித்திருந்தால் போதும், பிராசசரின் ஆழ்ந்த உறக்கமும் தடைப்படலாம். பிராசசரின் உறக்க நிலைகளில் எண் கூடக்கூட உறக்கம் ஆழம். என் சர்வரில் பிராசசர் மொத்தமும் சி3 நிலையைத் தாண்டவே இல்லை. கார்டைக் கழற்றியதும் சி8 வரை போனது.

லினக்ஸின் மின்சிக்கனக் கருவியான பவர்டாப்பில் எல்லா வரியையும் 'நல்லது' ஆக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவது இன்னொரு தவறு. கார்டு போன்ற சாதனங்களுக்கு அது செய்வது, சாதனத்தின் மின் அமைப்பை 'ஆட்டோ' என்று மாற்றுவது மட்டுமே. டிரைவர் அதற்கு ஒத்துழைக்காவிட்டால் சாதனம் விழித்தபடியேதான் இருக்கும். அந்த அமைப்புக்குப் பக்கத்திலேயே சாதனத்தின் இப்போதைய நிலையைச் சொல்லும் ரன்டைம் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்தால் 'ஆக்டிவ்' என்றே இருக்கும்.

சரி, டிரைவர் எழுதியவர்கள் ஏன் இதை விட்டுவைக்கிறார்கள்? பல நேரம் சோம்பல் இல்லை, தெரிந்தே செய்வது. சில சிப்களில் எல்1 இயங்கினால் இணைப்பு அறுந்துபோகும், சில கணினிகள் உறைந்தும் போகும். ரியல்டெக் நெட்வொர்க் சிப்களுக்கான லினக்ஸின் ஆர்8169 டிரைவர் பல சிப்களுக்கு எல்1 நிலையை மூடி வைத்திருந்ததும் இதனால்தான். ஆகவே, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு 'ஏஎஸ்பிஎம் ஃபோர்ஸ்' என்று கட்டாயப்படுத்திப் பார்க்கும் முன் யோசியுங்கள். கணினி உறைந்துபோகலாம் என்று கெர்னல் ஆவணமே எச்சரிக்கிறது.

விண்டோஸில் கதை எளிது. தானாக நிறுவப்பட்ட பொது டிரைவரில் மின்சிக்கன அமைப்புகள் கண்ணில் படாமலே போகலாம். கார்டுத் தயாரிப்பாளரின் டிரைவரைப் போட்டபின் டிவைஸ் மேனேஜரில் திரும்பப் பாருங்கள்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளை இரவு முழுக்க ஓடட்டும். காலையில் கெர்னல் பதிவில் இணைப்பு விழுந்து எழுந்த வரி ஒன்று இருந்தாலும் பழைய அமைப்புக்கே திரும்பிவிடுங்கள்.